சிகுசாவுக்கு ஒப்புக்கொடுத்த பூசை

1

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்குக்குப் புதிய பூசை உறைகள் அச்சாகி வந்திருக்கின்றன. யாருக்காகவாவது பூசை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் பெயரை எழுதிக் கோயில் வாசலில் உள்ள பெட்டியில் போடுகிற சிறிய வெள்ளை உறை இது. பழைய உறையில் மூன்று சதுரங்கள் இருந்தன: நன்றிக்காக, நோயாளிக்காக, இறந்தோருக்காக. புதியதில் நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: உயிரோடு இருந்து துன்பப்படுவோருக்காக. சனம் அந்தச் சதுரத்தைப் பார்க்கிறது, பிறகு என்னைப் பார்க்கிறது. சிலருக்குச் சிரிப்பு வருகிறது. அது வந்ததற்குக் காரணம் நானும், என் மகளும், நாங்கள் ஒருநாளும் நேரில் காணாத ஒரு ஜப்பான் பிள்ளையும். இரண்டு வருடமாகியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. மொன்றியலுக்கு வந்து பதினெட்டு வருடம். வில்லரேயில் வீடு. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிற வேலை. எந்தப் பெட்டி எந்த லொறிக்குப் போகவேண்டும் என்று பார்த்து ஒட்டவேண்டும். மனைவி பிலோமினா கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிக்கிறாள். மகள் ரொஷானிக்கு அப்போது பதினைந்து வயது. பங்கின் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். நான் பாடினால் பக்கத்தில் இருப்பவர்கள் இடம் மாறுவார்கள் என்பதால், சனிக்கிழமைகளில் பங்கின் வாராந்த மடலைத் தட்டச்சு செய்கிற பொறுப்பை எடுத்திருந்தேன். பெட்டியில் சேர்ந்த உறைகளைப் பிரித்து, பெயர்களை வகைப்படுத்தி மடலில் ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குக் குருவான சுவாமி அதைப் பார்த்து வாசிப்பார். பன்னிரண்டு வருடம் பிழைவிடாமல் செய்த வேலை.

2

ரொஷானிக்கு ஜப்பான் பாட்டு எப்படித் தொற்றியது என்று கேட்டால், மாரி-ஈவ் என்ற பள்ளிச் சிநேகிதியைத்தான் கைகாட்டவேண்டும். கியூபெக் பிள்ளை, தலைமயிரில் ஒரு பக்கம் ஊதா. அவள் கொடுத்த ஒரு சீடியில் தொடங்கியது. வீட்டில் தமிழில் கதைக்கச் சொல்லி நாங்கள் கெஞ்சினால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, ஜப்பான் எழுத்துகளைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகினாள். அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூட வீட்டுப்பாடத்துக்கு என்று நான் வாங்கிக்கொடுத்த கொப்பிகளில்.

சுவரில் ஏழு பெண்பிள்ளைகளின் படம். ஒரே பாவாடை, ஒரே சிரிப்பு. நான் போகும்போதும் வரும்போதும் நையாண்டி செய்வேன்.

"உதில ஆர் ஆரெண்டு அவையின்ர தாய்மாருக்காவது தெரியுமோ?"

"ஓரத்தில நிக்கிறவ சீசான், அப்பா. உங்களுக்கு நூறு தரம் சொல்லியாச்சு."

சீசான் என்பது செல்லப்பெயர். முழுப்பெயர் சிகுசா. அந்த முழுப்பெயரை நான் அப்போது அறிந்திருக்கவில்லை. கேட்டுப் பார்த்ததும் இல்லை. பிள்ளை ஒரு வருடமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த ஒருத்தியின் பெயரைக்கூடக் கேட்காத தகப்பன் நான் என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் ஒருநாள் வேலையால் வந்தபோது, ரொஷானி கணினிக்கு முன்னால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். என்ன என்று கேட்டேன். கொஞ்சம் பிரெஞ்சிலும் கொஞ்சம் தமிழிலுமாகக் கதை வந்தது.

சீசானுக்குப் பதினாறு வயது. வடக்கே ஒரு மீன்பிடி ஊர்க்காரி. பதின்மூன்று வயதில் ஒரு கம்பனி அவளைத் தேர்ந்தெடுத்து டோக்கியோவுக்குக் கூட்டிவந்து விடுதியில் வைத்தது. அந்தக் கிழமை முழுக்க நாளுக்கு மூன்று நிகழ்ச்சி. முதல்நாள் பதிவு நள்ளிரவு தாண்டித்தான் முடிந்ததாம். மறுநாள் காலையில் பிள்ளை நித்திரையாகிப் போனாள். ரயில் போய்விட்டது. பொறுப்பாளர் தொலைபேசியில் கத்தியபோது பயத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கம்பனியும் ரசிகர்களுக்குக் காய்ச்சல் என்று அறிவித்தது. மத்தியானம் யாரோ ஒருவன் அவள் ஸ்டேசனில் நின்று பணிஸ் சாப்பிடுவதைப் படம் எடுத்து ஒரு வாரப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான். பொய்க்காரி, ரசிகரை ஏமாற்றியவள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. தங்களிடம் இருந்த அவளுடைய படங்களைக் கத்தரித்துக் கம்பனிக்கே அனுப்பினார்களாம் சில வளர்ந்த ஆம்பிளைகள்.

"அவ பொய் சொன்னவதான், அப்பா. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா களைச்சுப்போய் நித்திரை கொண்டதுக்கு ஆரும் இப்பிடிச் செய்வினமோ? செ பா ஜூஸ்த்."

அநியாயம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். அன்றைக்கு நான் திருத்தவில்லை.

பிறகு எனக்கு ஒரு வீடியோவைக் காட்டினாள். நீண்ட மேசை. நடுவில் அந்தப் பிள்ளை, மேக்கப் இல்லாமல், பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஒன்று போட்டுக்கொண்டு. இரண்டு பக்கமும் கோட் போட்ட ஆண்கள். ஒரு தாளை வாசித்தாள். பிறகு எல்லோரும் எழும்பித் தலை குனிந்தார்கள். கோட்டுக்காரர்களும் குனிந்தார்கள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அவர்கள் நிமிர்ந்த பிறகும் அவள் குனிந்தபடியே நின்றாள். கமராக்கள் மின்னிக்கொண்டே இருந்தன. குனிந்த தலையின் வகிடு மட்டும்தான் படத்தில் தெரிந்தது.

எங்கள் பண்டகசாலையில் நாற்பது வயது ஆள் நித்திரையாகிப் பிந்தி வந்தால் மேற்பார்வையாளர் ஓர் எச்சரிக்கைக் கடதாசி கொடுப்பார். அதற்கே தொழிற்சங்கக்காரர் வந்து மேசையில் தட்டுவார். இந்தப் பிள்ளைக்கு மேசையில் தட்ட ஒருவர் இல்லை. நாளுக்கு மூன்று நிகழ்ச்சி போட்டவர் யார்? பதினாறு வயதுக்காரியை நள்ளிரவு தாண்டி நிற்க வைத்தவர் யார்? விசாரித்துப் பார்க்காமல் காய்ச்சல் என்று அறிவித்தவர் யார்? தாளை வாசித்தது மட்டும் அவள். அந்தத் தாளையும் அவள் எழுதியிருக்கமாட்டாள். அவளைக் காலவரையில்லாமல் நிறுத்திவைப்பதாகக் கம்பனி அறிவித்தது. அடுத்த கிழமை சுவரொட்டி புதிதாக வந்தது. அதில் ஆறு பேர். இடைவெளி தெரியாதபடி மற்றப் பிள்ளைகளை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள்.

3

மொன்றியலில் அவளுக்கு ரசிகைகள் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரொஷானி, மாரி-ஈவ், இணையத்தில் அறிமுகமான இன்னும் சில பள்ளிப் பிள்ளைகள். கடிதங்கள் எழுதினார்கள். பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. சாப்பிட்டாயா, நித்திரை கொள்கிறாயா, நாங்கள் உன்னோடு கோபம் இல்லை, இப்படித்தான் எழுதியிருந்தார்கள். ரொஷானி ஒரு சோடி கம்பளிக் கையுறையும் வைத்தாள். வடக்கு ஊர்ப் பிள்ளை, குளிர் தெரிந்தவள் என்றாள்.

பொதியை நானே கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் தபால் மேடை மருந்துக்கடையின் பின்பக்கத்தில், இருமல் மருந்துக்கும் வாழ்த்து மட்டைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருந்த பெண் ஒரு பத்திரத்தை நீட்டினாள். பரிசு, ஆவணம், விற்பனை மாதிரி, மற்றவை என்று நான்கு சதுரங்கள்.

"இதில் எது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கடிதம் ஆவணமா, கையுறை பரிசா என்று நான் என் உடைந்த பிரெஞ்சில் விளக்கப் போனேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒன்றிலும் அடையாளம் போடாமல் நீட்டினேன். அவள் பேனாவோடு திருப்பித் தந்தாள்.

"மிஸ்யூ, அடையாளம் இல்லாமல் நான் வாங்கமுடியாது. அங்கே இருக்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டுவிடுவார்கள்."

பரிசு என்று போட்டேன். பெறுபவர் பெயரை ரொஷானி முதலே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். நான் வாசிக்கவில்லை.

நாங்கள் கார்த்திகை என்கிற நவம்பர் தொடக்கத்தில் பொதி திரும்பி வந்தது. பிரிக்கவில்லை. ஏற்க மறுக்கப்பட்டது என்று பிரெஞ்சில் ஒரு ஒட்டுத்தாள். நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு வருகிற எதையும் கம்பனி வாங்குவதில்லையாம். சிறையில் இருப்பவனுக்கும் கடிதம் போகும். அதே கிழமை அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு வரி வந்தது. ரொஷானி எனக்கு மொழிபெயர்த்தாள்.

"தன்ர சொந்த விருப்பத்தில விலகினவ எண்டு போட்டிருக்கினம்."

"ஆரின்ர விருப்பம்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

பொதியைத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். இனி ஒருவரும் இவளுடைய கடிதத்தை வாசிக்கப்போவதில்லை. அதனால் பிள்ளை என்ன செய்தாள் என்றால், எங்கிருந்தும் திருப்பி அனுப்பப்படாத ஒரு கடிதத்தை எழுதினாள். கோயில் வாசல் பெட்டியில் ஒரு வெள்ளை உறையைப் போட்டாள். எனக்குச் சொல்லவில்லை. நான் நையாண்டி செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

4

கார்த்திகை ஆன்மாக்களின் மாதம். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த மாதம் முழுக்க இறந்தவர்களுக்காகத்தான் பூசை ஒப்புக்கொடுப்போம். பெட்டி நிரம்பி வழியும். அந்த வருடம் இன்னும் அதிகம். ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. வன்னிக்குப் போகிற பாதை பூட்டு. தொலைபேசி இல்லை. ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கு ஏதும் ஆகும் என்ற பயத்தில் தங்கள் பெயரை எழுதாமல், போனவரின் பெயரை மட்டும் எழுதிப் போட்ட உறைகள் நிறைய வரும்.

அந்தச் சனிக்கிழமை கையில் வந்த ஓர் உறையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் இப்படி இருந்தது: சிகுசா, 16 வயது. மன்றாடவும். ஒப்புக்கொடுப்பவர் பெயர் இல்லை. மூன்று சதுரத்திலும் அடையாளம் இல்லை.

எங்கள் சனம் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற பெயர்களை யோசித்துப் பாருங்கள். நிதுசா, அபிசா, தனுசிகா, கிருசனா. அர்த்தம் கேட்டால் பெற்றவர்களே வானத்தைப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் சிகுசா என்ற பெயர் எனக்கு ஒரு துளியும் வித்தியாசமாகப் படவில்லை. கார்த்திகை மாதம், பதினாறு வயது, பெயர் சொல்லப் பயந்த ஒரு கை. வேறு என்னவாக இருக்கும்? ஐயோ, ஆர் பெத்த பிள்ளையோ என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, இறந்தோர் வரிசையில் ஏற்றினேன். மருந்துக்கடைப் பெண் சொன்ன மாதிரியே, அடையாளம் இல்லாததற்கு என் இஷ்டத்துக்கு ஒன்றை நான் யோசிக்காமல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி வாசித்தார். எண்பது வயது, எழுபத்தாறு வயது என்று வந்துகொண்டிருந்த வரிசையில் "சிகுசா, பதினாறு வயது" என்றதும் கோயில் அசைந்தது. எனக்கு முன் வரிசை வாங்கில் இருந்த ஸ்டெல்லா அக்கா வாய்விட்டு அழுதா. அவவின் தங்கையும் நாலு பிள்ளைகளும் வன்னிக்குள். இரண்டு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. பாடகர் குழுப் பக்கம் பார்த்தேன். ரொஷானி பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு முகம் வெளிறி நின்றாள். மனம் இளகிய பிள்ளை என்று எனக்குள் பெருமைகூட வந்தது.

பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் தேநீரும் ரோல்சும். நான் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் சிகுசாவுக்கு ஊர் கிடைத்துவிட்டது. முழங்காவில் என்றார் ஒருவர். இல்லை, மடுப் பக்கம், செல் குண்டு விழுந்து தாயும் பிள்ளையுமாம் என்றார் இன்னொருவர். ஒரு மூலையில் நின்று அழுத ரொஷானியிடம் ஸ்டெல்லா அக்கா போனா.

"உனக்குத் தெரிஞ்ச பிள்ளையோ, அம்மா?"

"ஓம், அன்ரி."

அதற்குமேல் பிள்ளைக்கு வாய் வரவில்லை. ஸ்டெல்லா அக்கா தன் செபமாலையைக் கழற்றி அவள் கையில் சுற்றிவிட்டா.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ரொஷானி கேட்டாள்.

"அப்பா, ஏன் அவவைச் சாகடிச்சனீங்கள்?"

உறை தன்னுடையது என்று அவள் சொல்லி முடித்தபோது, ஜோன்-தலோன் தெரு விளக்கு பச்சையாகியும் நான் நின்றேன். பின்னால் வந்தவன் ஹோன் அடித்தான்.

5

அடுத்தநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ரொஷானி தனியாக பஸ் எடுத்து ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போய்ச் செபமாலையைத் திருப்பிக் கொடுத்தாள். "அவ சாகேல்லை, அன்ரி. அவ ஜப்பானில பாடுறவ" என்று சொல்லியிருக்கிறாள். உறை தன்னுடையது என்றும் சொல்லியிருக்கிறாள். அதை இறந்தோர் வரிசையில் போட்டவர் யார் என்பதைச் சொல்லவில்லை. ஸ்டெல்லா அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும். தன் தங்கையின் பிள்ளைகளை நினைத்து அழுத அழுகை அது. அவ ஒருவருக்குச் சொல்ல, அவர் நாலு பேருக்குச் சொல்ல, புதன்கிழமை பங்குச் சபைத் தலைவர் யூஜின் அண்ணை எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, உம்மட பிள்ளை என்ன வேலை பாத்திருக்கு தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"அங்க எங்கட சனம் பங்கருக்குள்ள கிடக்குது. இவ ஆட்டக்காரிக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறா. கோயில் முழுக்க அழுதது. எங்கட கண்ணீர் என்ன விளையாட்டுச் சாமானோ?"

"இல்லை அண்ணை."

"நாங்கள் கூடிக் கதைச்சனாங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில நற்கருணை நன்மை குடுத்த பிறகு மைக்கில வந்து எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கட்டும். நத்தார்ப் பண்டிகை வரைக்கும் பாட்டுக் குழுவில நிக்கவேண்டாம். அவ்வளவுதான். பெரிசாக்க எங்களுக்கும் விருப்பமில்லை."

"சுவாமி என்ன சொல்லுறார்?"

"சுவாமி ஒண்டும் சொல்லேல்லை."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். உறையில் அடையாளம் இல்லை அண்ணை, போட்டது நான் என்று ஒரு வசனம். பன்னிரண்டு வருடம் பிழைவிடாதவன் என்ற பெயரை விட மனம் வரவில்லை.

"ஓம் அண்ணை, பாப்பம்" என்றேன்.

குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த பிலோமினா கத்தியை நிறுத்தினாள்.

"செத்தவையின்ர வரிசையில போட்டது ஆர்?"

"பேந்து சொல்லுவம்."

"அவருக்குச் சொன்னனீங்களோ, இல்லையோ?"

நான் தொலைபேசியைத் திரும்ப வைத்தேன். அவள் பிறகு வெட்டிய சத்தம் பலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ரொஷானியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் வயிற்றில் வைத்து, இடுப்பில் இருந்து குனிந்து, ஜப்பான் மொழியில் எண்ணினாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"பழகிறன். சீசான் பன்னிரண்டு எண்ணுமட்டும் குனிஞ்சு நிண்டவ. எனக்கு ஏழுதான் ஏலும், தலை சுத்துது."

மேசையில் தாள் கிடந்தது. தமிழில் எழுதியிருந்தாள். 'எனது பொறுப்பில்லாத நடத்தையினால் எல்லோருக்கும் பெரும் கவலை தந்துவிட்டேன். என்னைப் பற்றி ஆழமாகச் சிந்திப்பேன். ஆதரவு தந்தவர்களிடம் தாழ்மையாக மன்னிப்புக் கேட்கிறேன்.' பதினைந்து வயதுப் பிள்ளை எழுதுகிற தமிழா அது? அந்த வீடியோவில் சிகுசா வாசித்ததைத்தான் வரிவரியாக மொழிபெயர்த்திருக்கிறாள். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று உலகம் அவளுக்குக் காட்டிய ஒரே மாதிரி அதுதான்.

கம்பனிக்காரர்களை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். கோட் போட்ட ஆளாக என்னை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

6

எங்கள் ஊர்ப் பங்கில் கன்னிப்பெண்களுக்கு மாதா சபை இருந்தது. நீல ரிபனில் பதக்கம் கட்டிக் கழுத்தில் போடுவார்கள். என் அக்கா ரெஜினாவும் போட்டிருந்தா. அவவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு பெடியனின் கடிதம் இருந்தது என்று யாரோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சபை கூடியது. ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டு ரிபனைக் கழற்றி வாங்கினார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. ஆம்பிளைகள் பக்கத்தில், நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிற அப்பாவுக்கு அருகில் நின்று பார்த்தேன். கடிதம் எழுதிய பெடியனும் மூன்று வாங்கு தள்ளி நின்றான். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.

அக்கா இப்போது ஜேர்மனியில். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தவிரக் கோயிலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை அவவுக்கு அழைப்பு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரிப்பா என்று நினைத்தேன். ஜப்பான்காரிக்குச் செத்தவையின் பூசை என்றால் யாருக்கும் சிரிப்பு வரும்.

"ரொஷானி வாசிக்கப்போறாளோ?" என்று மட்டும் கேட்டா.

"அப்பிடித்தான் சொல்லியிருக்கினம்."

பிறகு சொன்னா:

"எனக்கு அந்த ரிபன் போனது பெரிசா நோகேல்லையடா. கழட்டேக்க திரும்பி ஐயாவைப் பாத்தனான். அவர் தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். அதைத்தான் இன்னும் மறக்க ஏலாமல் கிடக்கு."

அன்று நானும் நிலத்தைத்தான் பார்த்தேன் என்பதை அக்கா சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று மடலைத் தட்டச்சு செய்தபோது இறந்தோர் வரிசையைப் பெயர் பெயராக உறையோடு ஒப்பிட்டேன். அடையாளம் இல்லாத உறைகள் இன்னும் இரண்டு இருந்தன. இரண்டு வீட்டுக்கும் அழைப்பு எடுத்துக் கேட்டேன். ஒன்று, வேலை கிடைத்ததற்கு நன்றி. அதையும் நான் இறந்தோரோடு சேர்த்திருப்பேன்.

7

ஞாயிற்றுக்கிழமை ரொஷானி பாடகர் குழுவில் நிற்காமல் எங்களுக்கு நடுவில் இருந்தாள். வெள்ளைச் சட்டை. கையில் மடித்த தாள். யூஜின் அண்ணை பக்கத்து வரிசையில் இருந்து ஒருதரம் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். மைக் ஒன்றைக் கம்பத்தில் பூட்டிப் பீடத்துக்குக் கீழே தயாராக வைத்திருந்தார்கள்.

பிரசங்கம் முடிந்து விசுவாசிகள் மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராக வாசக மேடைக்குப் போய்த் திருச்சபைக்காக, நாட்டுக்காக, நோயாளருக்காக என்று வாசிப்பார்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் சனம் ஒரே பதிலைச் சொல்லும். ஐந்தாவது ஆள் வாசித்துவிட்டு இறங்கும்போது நான் எழும்பிப் போனேன். என் பெயர் அன்றைய பட்டியலில் இல்லை. சுவாமி என்னைப் பார்த்தார். தடுக்கவில்லை.

எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. எழுதினால் அந்தத் தாள்களைப் போலத்தான் வரும் என்று பயந்தேன்.

"போன ஞாயிறு செத்தவையின்ர வரிசையில சிகுசா எண்டு ஒரு பெயர் வாசிச்சது" என்று தொடங்கினேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உறையில அப்பிடி இருக்கேல்லை. மன்றாடவும் எண்டு மட்டும்தான் இருந்தது. ஒரு கேள்வி கேளாமல் அதைச் செத்தவையோட சேர்த்தது நான். என்ர மகள் இல்லை. உங்கள் எல்லாரையும் அழ வைச்சது நான். ஸ்டெல்லா அக்கா, உங்களிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன். இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்ததுக்கு என்ர பிள்ளையிட்டையும் கேக்கிறன்."

யாரோ இருமினார்கள். யூஜின் அண்ணை எழும்பப் பார்ப்பது தெரிந்தது. நிறுத்தினால் பிறகு வராது என்று நிறுத்தாமல் போனேன்.

"சிகுசாவுக்குப் பதினாறு வயது. ஜப்பானில பாடுறவ. களைப்பில நித்திரையாகிப் போனா. பயத்தில ஒரு பொய் சொன்னா. அவவை வைச்சு உழைச்ச பெரிய ஆக்கள் அவவைச் சபைக்கு முன்னால நிப்பாட்டித் தலை குனிய வைச்சுப்போட்டு, வந்த கடிதங்களையும் குடுக்காமல் விலத்திவிட்டினம். ஆனா அவ சாகேல்லை. உயிரோட இருக்கிறா. அந்தப் பிள்ளைக்காகவும், எங்க இருக்கினம் எண்டு தெரியாத எங்கட பிள்ளையளுக்காகவும், பிழை விட்ட பிள்ளையளை மைக்குக்கு முன்னால தள்ளிவிடுற எங்களைப் போல பெரிய ஆக்களுக்காகவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

ரொஷானியைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன் வாங்குகளில் இருந்து ஒரு குரல், அழுது கரகரத்த குரல், முதலில் வந்தது. ஸ்டெல்லா அக்கா.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அதன் பின்னால் முழுக் கோயிலும் சொன்னது. சம்மதத்தில் சொன்னவர்கள் எத்தனை பேர், பழக்கத்தில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அந்த வரியைக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எங்கள் சனத்தால் முடியாது. பாதி எழும்பி நின்ற யூஜின் அண்ணையின் வாயும் அதைச் சொன்னது.

நன்மை கொடுத்து முடிந்தது. யூஜின் அண்ணை மைக் பக்கம் போய் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொஷானி தாளை விரித்தபடி எழும்பினாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இரு" என்றேன்.

"அப்பா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நானும் பாக்கிறன்."

இருந்தாள். மைக்குக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சுவாமி நிமிர்ந்து பாடகர் குழுவுக்குக் கை காட்ட, இறுதிப் பாட்டுத் தொடங்கியது. பாட்டுக் குழுவில் இருந்து நிறுத்தப்பட்ட பிள்ளை, என் பக்கத்தில் எழும்பி நின்று, தன்னுடைய இரண்டாம் குரலை ஒரு வரியும் விடாமல் பாடி முடித்தாள்.